சார்ஜ் போட்டாச்சு

லேப்டாப் செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். நன்றாக இருந்த ஒன்றை வேண்டாம் என்று தூக்கிவிட்டு, சில வருஷம் கழித்து அதையே பளபளப்பாக்கி, ‘இதோ, திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்’ என்று விற்கிறார்களே, நடுவில் அது இல்லாமல் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார்கள்!

நான் சொல்வது சார்ஜர் ஒயரின் முனையை. சிரிக்காதீர்கள். அந்த முனையில் ஒரு காலத்தில் காந்தம் இருந்தது, அப்புறம் இல்லாமல் போனது, இப்போது மறுபடி இருக்கிறது. கேட்டால் இவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வீட்டுக்காரர் எழுந்து நடந்ததும் நடக்காமல் உட்கார்ந்ததும் அந்த முனையை வைத்துத்தான்.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள். கிளினிக் நோட்டீஸ், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிற அறிவிப்பு என்று ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் போட்டுக் கொடுப்பேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பழைய பிளாக்கில் எங்கள் மூவறை வீடு. ஹாலில் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். பிளக் பாயிண்ட் எதிர்ச் சுவரில் இருக்கிறது. அதனால் ஒயர் எப்போதும் ஆள் நடக்கிற வழியைக் குறுக்கே கடந்துதான் மேசைக்கு வரும். வீட்டைக் கட்டினவன் லேப்டாப்பை எங்கே கண்டான்?

முதல் லேப்டாப்புக்கு உருண்டை முனை வைத்த ஒயர். செங்கல் மாதிரி ஒரு கறுப்பு அடாப்டர், தொட்டால் சுடும். முனைக்குக் கழுத்து சீக்கிரம் ஒடிந்துபோகும். கறுப்பு டேப் சுற்றி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். ஒருநாள் என் மகள் ஸ்கூல் பையோடு ஓடிவந்து ஒயரில் இடறினாள். லேப்டாப் தரையில், அவள் அதற்குப் பக்கத்தில். இரண்டில் எதை முதலில் தூக்கினேன் என்று அவள் இன்றைக்கும் கேட்டு மானத்தை வாங்குவாள்.

அதற்கு அப்புறம் வாங்கியதில்தான் காந்தம். அப்பாடா! முனையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், ‘டக்’ என்று தானே போய் ஒட்டிக்கொள்ளும். காலில் மாட்டினால் அதுவே கழன்றுவிடும். லேப்டாப்பும் விழாது, ஆளும் விழமாட்டார். முனையிலேயே ஒரு சின்ன விளக்கு. ஏறும்போது ஆரஞ்சு, நிறைந்தால் பச்சை. அடாப்டரும் வெள்ளையாக, இரண்டு காது வைத்து, ஒயரைச் சுற்றி வைக்க வசதியாக இருந்தது. அடுத்த மாடலில் முனையை இன்னும் தட்டையாக்கி, பழைய ஒயர் சேராதபடி செய்து, நடுவில் மாட்ட ஒரு குட்டித் துண்டைத் தனியாக விற்றார்கள். அந்தத் துண்டு சோபா இடுக்கில் தொலைவதும் நாங்கள் குனிந்து தேடுவதும் வாடிக்கையாக இருந்தது.

அந்தக் காலத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்தது.

அவர் பஸ் ஓட்டியவர். டபுள் டெக்கர் பஸ்ஸின் ஸ்டியரிங்கை ஒற்றை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துத் திருப்புவார். டிப்போவில் பஸ்ஸை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து டயர், கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் பார்ப்பார். வீட்டிலும் அதே புத்தி. படுக்கப் போகும் முன் காஸ், குழாய், வாசல் கேட் எல்லாம் ஒரு சுற்று. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வலது கையும் வலது காலும் வராமல் போயின. வார்த்தை கொஞ்சம் குழறும். ஆனால் புத்தி அத்தனையும் அப்படியே இருந்தது. பாதி போயிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாமே அவருக்குச் செய்யப்பட்டன. குளிப்பாட்டுவது நான், பட்டன் போடுவது நான், சவரம் பண்ணுவது நான், மீனில் முள் எடுப்பது நான். “நீ சாப்டியா?” என்று கேட்பார். அவரால் எனக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், இவர் நாலுகால் கம்பை ஊன்றி மேசை வரைக்கும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கீழே தொங்கிக்கொண்டிருந்த ஒயரை இடது கையால் எடுத்து லேப்டாப்பில் ஒட்டியிருந்தார். ஆரஞ்சு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, டிப்போவில் சொல்கிற மாதிரி, “சார்ஜ் போட்டாச்சு” என்றார்.

“தேங்க்ஸ்ங்க, நானே மறந்துட்டேன்” என்றேன்.

அன்றிலிருந்து அது அவர் வேலை. காலையில் கோப்பி குடித்ததும் படுக்கை அறையிலிருந்து மேசைக்கு வருவார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். சில நாள் ஒயரில் மாட்டும், அது கழன்றுகொண்டு விட்டுவிடும், அவர் விழமாட்டார். “விட்டுடுச்சு, நல்ல ஒயர்” என்பார். ஒற்றைக் கையால் ஒரு பட்டனைப் போட முடியாது, ஒரு மாத்திரை டப்பியைத் திறக்க முடியாது. ஆனால் இதை மட்டும் முடியும். குறி பார்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம், இன்னொரு கையால் லேப்டாப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் கொண்டுபோனால் மீதியைக் காந்தம் பார்த்துக்கொள்ளும். பச்சை வந்ததும் “ஃபுல்லு” என்று அறிவிப்பார். அந்த வீட்டில் அவர் இன்னொருத்தருக்காகச் செய்கிற ஒரே காரியம் அதுதான். அதற்காகத்தான் காலையில் எழுந்து நடந்தார். பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு முகத்தைச் சுளிக்கிறவர், இதற்கு ஒருநாளும் சுளித்ததில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்து கோவில்காரர்கள் பார்க்க வருவார்கள். பழம், கேக், தீர்த்தம் எல்லாம் கொண்டுவருவார்கள். எல்லாருக்கும் ஒரே பல்லவி. “அங்கிள், போன மாசத்துக்கு இந்த மாசம் முன்னேற்றம் நல்லாவே தெரியுது லா!” அவர் பாதி வாயால் சிரிப்பார். கதவைச் சாத்தியதும், “அவங்கள ஒரு நல்ல கண் டாக்டர்ட்ட போகச் சொல்லு” என்பார். சரி, அவர்களை விடுங்கள், நான் என்ன ஒழுங்கா? “இன்னிக்கு நடை நல்லா இருக்குங்க.” “டாக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டார்ங்க.” “கை கொஞ்சம் அசையுது பாத்தீங்களா?” நோயாளி வீட்டில் இப்படித்தானே பேசுவோம். யார் உண்மையைப் பேசுகிறார்கள்? அவர் எல்லாவற்றுக்கும் “உம்” என்பார்.

அந்த லேப்டாப் கடைசியில் செத்துப்போனது. ஒயரும் அதற்கு முன்பே மஞ்சள் பூத்து, கழுத்தில் ரப்பர் உரிந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை கொடுக்கிற ஆபீஸில் புது மெஷின் கொடுத்தார்கள். அதில் காந்தம் இல்லை. பக்கவாட்டில் சின்னதாக, தட்டையாக ஓர் ஓட்டை. “இனிமே போன், டேப்லெட், லேப்டாப் எல்லாத்துக்கும் ஒரே சார்ஜர்” என்று என் சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார். அவருக்கு இரண்டு கையும் இருந்தன.

மறுநாள் காலையில் இவர் வழக்கம்போல வந்தார். முனையை எடுத்தார். ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனார். இடது கை நடுங்கியது. முனை ஓரத்தில் இடித்தது. அழுத்தினார், லேப்டாப் மேசைமேல் வழுக்கிக்கொண்டு போனது. அதை வயிற்றால் அணைத்துப் பிடித்து மறுபடி அழுத்தினார். வழுக்கை முழுக்க வியர்வை. நான் “இருங்க, நான் போடுறேன்” என்று போனால் முறைத்தார். ஒருவழியாக உள்ளே போனதும் பார்த்தால் விளக்கு இல்லை. புது முனையில் விளக்கே கிடையாது.

“ஏறுதா?” என்றார்.

“ஏறுதுங்க.”

“எப்படித் தெரியும்?”

திரையில் ஒரு மூலையில் காட்டும், அவர் உட்காரும் இடத்திலிருந்து அது தெரியாது. ஒரு வாரம் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். ஒருநாள் ஒயரைக் காலில் மாட்டிக்கொண்டார். அது விடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துத் தப்பினார், லேப்டாப்பை நான் பாய்ந்து பிடித்தேன். அப்புறம் அவர் மேசைப் பக்கம் வருவது குறைந்தது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போனவள், பக்கத்துச் சந்தில் ஒரு போன் கடைக்குள் நுழைந்தேன். விடுமுறை நாள் கூட்டம், இங்கே வேலைக்கு வந்திருக்கிற தம்பிமார்கள் ஊருக்குப் பேச கார்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். விரல் நகம் அளவு ஒரு துண்டு; அதை லேப்டாப் ஓட்டைக்குள் செருகி அப்படியே விட்டுவிட வேண்டும். ஒயர் பக்கம் இன்னொரு துண்டு. இரண்டுக்கும் நடுவில் காந்தம்.

“போனுக்குத்தான் நிறைய பேர் வாங்குவாங்க அக்கா.”

“லேப்டாப்புக்கு ஓகேவா?”

“ஓகே லா. எல்லாம் ஒரே கரண்டுதானே.”

நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இரண்டு மூன்று தடவை கழற்றிக் கழற்றி ஒட்டினார். “இது கொஞ்சம் சோப்ளாங்கி. பழசு மாதிரி இல்ல” என்றார். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இனி ஊக்கு விஷயம். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் கட்டினவள். ஆனாலும் தாலிச் சங்கிலியில் ஊக்கு கோத்துத் தொங்கவிடுகிற பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. சிலுவை வைத்த தாலிதான் எங்களுடையது. அதற்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று ஊக்கு. கோவிலுக்குச் சேலை கட்டிப்போய்விட்டு வந்தால், முந்தானையில் குத்தியதைக் கழற்றி அங்கேதான் மாட்டுவேன். அவசரத்துக்கு வேறு எங்கே போய்த் தேடுவது? எங்கள் சனத்தில் பாதிப் பெண்களைப் பரிசோதித்தால் இது இருக்கும்.

அன்றைக்கும் காலைதான். எனக்கு ஒரு மீட்டிங் ஆரம்பிக்கிற நேரம். இவர் ஒயரை ஒட்டிவிட்டு “சார்ஜ் போட்டாச்சு” என்றார். பார்த்தால் ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விலகி, கோணலாகத் தொங்கியது. கோணலா இருக்குங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “சூப்பர்ங்க” என்று சொல்லிக்கொண்டே, அவருக்குத் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று நைட்டியோடு குனிந்தேன். சங்கிலி முன்னால் ஊசலாடியது. ஊக்கு பறந்துபோய் அந்த இடுக்கில் ஒட்டியது. ‘சட்’ என்று ஒரு பொறி. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். திரை அணைந்தது.

“ஐயோ! போச்சு!” என்று கத்திவிட்டேன்.

ஊக்கைப் பிய்த்து எடுத்தேன். ஒரு பக்கம் கறுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால், இவர் தன் இடது கையை மடிமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இல்லைங்க. என் ஊக்குதான். இதோ பாருங்க” என்று நீட்டினேன்.

அவர் ஊக்கைப் பார்த்தார். “சரி” என்றார்.

ஆபீஸுக்கு போன் போட்டேன். கை ஓடவில்லை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். சூப்பர்வைசர் சீனர், தங்கமான பெண்தான். ஆனால் தாலியில் ஊக்கு மாட்டுவோம், அது போய்க் காந்தத்தில் ஒட்டும் என்பதை அவருக்கு ஆங்கிலத்தில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? நாள் முழுக்க மொழிபெயர்க்கிறவளுக்கு அது மட்டும் வரவில்லை. “சார்ஜர் ஃபால்ட்டி” என்று சொல்லி முடித்துவிட்டேன். சாயங்காலம் பொங்கோலில் தனியாகக் குடியிருக்கும் மகள் போனில் கூப்பிட்டாள். “பழசாயிடுச்சும்மா, ஷார்ட் ஆயிடுச்சு” என்றேன். ஊக்கு என்று சொன்னால் அவள் என்னைக் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவாள். கோபத்தில் அந்தக் காந்தத் துண்டு இரண்டையும் குப்பைக் குழாயில் போட்டேன்.

இவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு கதை, ஆபீஸில் ஒரு கதை, மகளிடம் ஒரு கதை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஆபீஸில் வேறு மெஷின் கொடுத்தார்கள், அதிலும் அதே ஓட்டைதான். காலையில் நான் கூப்பிட்டுப் பார்த்தேன். “நீயே போட்டுக்கோ” என்றார். மறுநாளும் அதேதான். அப்புறம் கூப்பிடுவதை விட்டேன். கோப்பியை ஜன்னலோரத்திலேயே கேட்டார். சாப்பாட்டையும் அங்கேயே கேட்டார். “மேசைக்கு வாங்களேன்” என்றால், “உன் சாமான் இருக்கும். எதுக்கு வம்பு?” என்பார். எதற்கு வம்பு, எதற்கு வம்பு! எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஃபிரிட்ஜில் இருந்த மாதா படக் காந்தத்தைப் பிடுங்கி வந்து, ஓர் ஊக்கை அதில் ஒட்டிக் காட்டினேன்.

“பாத்தீங்களா? இப்படித்தான் ஆச்சு!”

“காந்தத்துல ஊக்கு ஒட்டும்னு எனக்குத் தெரியாதா?” என்றார். அவ்வளவுதான், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் நம்பவில்லை. அவர் மனசு நோகக்கூடாது என்று நான் பழியை என்மேல் போட்டுக்கொள்கிறேன் என்றே நினைத்தார். நடை நல்லா இருக்கு, டாக்டர் சந்தோஷப்பட்டார், கை அசையுது என்பவற்றோடு இதையும் சேர்த்துவிட்டார். நான் சொன்ன பொய்யெல்லாம் அவரிடம் எடுபட்டதோ இல்லையோ, சொன்ன ஒரே உண்மை எடுபடவில்லை. அதை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

நடக்காத கால் என்ன ஆகும்? இறுகத்தான் செய்யும். முன்பெல்லாம் கம்பை ஊன்றி வாசல் கேட் வரைக்கும் தனியாகப் போய், காரிடாரில் போகிற வருகிறவர்களிடம் தலையாட்டிவிட்டு வருவார். அது நின்றது. பாத்ரூம் போக என் தோள் வேண்டியிருந்தது. பாலிகிளினிக்கில் டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வீட்ல நடக்குறாரா?” என்று கேட்டார். நான் “நடக்குறார், நடக்குறார்” என்றேன். மகள் பகல் நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கலாம் என்றாள். “அங்க அவருக்குக் கம்பெனி இருக்கும்மா, நீங்களும் நிம்மதியா வேலை பாக்கலாம்.” அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான்தான் அவளிடம் வள்ளென்று விழுந்தேன்.

அவள்தான் இன்னொருநாள் அந்தச் செய்தியையும் சொன்னாள். “ம்மா, உங்க மேக்னட் சார்ஜர் திரும்ப வந்துடுச்சு தெரியுமா?” எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்தான். கொடுப்பதும் அவர்களே, பிடுங்குவதும் அவர்களே, மறுபடி கொடுத்துவிட்டு நம்மிடம் நன்றியும் எதிர்பார்ப்பது. இருந்தாலும் ஆபீஸ் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே சொந்தமாக ஒன்று வாங்கினேன். அதே ‘டக்’. அதே ஆரஞ்சு, அதே பச்சை. ஒயர் மட்டும் இப்போது நூலால் பின்னியது, உரியாதாம். அடாப்டரில் காது இல்லை. போகட்டும், காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேசையில் வைத்தேன். ஒயரை அவர் கண்ணுக்குப் படும்படி தொங்கவிட்டேன். “காந்தம் வந்துருச்சுங்க” என்றேன். பார்த்தார். “நல்லது” என்றார். எழுந்திருக்கவில்லை. ‘டக்’ என்று சத்தம் வரும்படி நானே ஒட்டினேன், நானே கழற்றினேன், நானே ஒட்டினேன். பைத்தியக்காரி மாதிரி இருந்தது. அப்படியே வாரங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் திருவிழா. சேலை கட்டிப் போனேன். திரும்பி வந்து நைட்டிக்கு மாறியபோது, முந்தானை ஊக்கு இரண்டையும் பழக்கதோஷத்தில் சங்கிலியில் மாட்டியிருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சங்கிலியில் ஊக்கு மாட்டுவதையே விட்டிருந்தேன், அன்றைக்கு எப்படியோ கை தானாகச் செய்துவிட்டது. கோவிலில் கொடுத்த பிரியாணிப் பொட்டலம் சூடாக இருந்ததால், இவரைத் தாங்கிப் பிடித்து மேசைக்கே கூட்டிவந்து எதிரில் உட்கார வைத்தேன். லேப்டாப்பை ஒதுக்கி வைக்க ஒயரைக் கழற்றினேன். ஒயரும் கரண்டியும் ஒரே கையில் இருக்க, மறு கையால் தண்ணீர்க் குவளையை எட்டி எடுக்கக் குனிந்தேன்.

‘டக்.’

ஒயர் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. நிமிர்ந்தேன், அதுவும் கூடவே வந்தது. ஒரு கையில் குவளை, இன்னொரு கையில் பிரியாணிக் கரண்டி. தலையை ஆட்டினேன், விடவில்லை. “சீ! சனியனே, விடு!” என்று அதைத் திட்டினேன். அது என் சங்கிலியை முன்னால் இழுத்துக்கொண்டு, சிலுவைக்குப் பக்கத்தில் ஊக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆடியது.

இவர் அதையே பார்த்தார். ஊக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் நடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு கோணங்கித்தனமாக யாராலும் நடிக்க முடியாது.

“அப்ப…” என்றார். வார்த்தை குழறியது. “அப்ப நானில்லையா?”

கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அன்னிக்கே சொன்னேனேங்க.”

“சொன்னே” என்றார். “நீ எல்லாந்தான் சொல்லுவே.”

ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்த மனுஷன் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தன் ஒற்றைக் கையும் உருப்படாதது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் மூன்று வேளை சோறு போட்ட எனக்கு அதன் கனம் தெரியவில்லை.

அவர் இடது கையை மேசைமேல் வைத்தார். “என் நடை எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே, “உண்மையைச் சொல்லு” என்றார்.

நல்லா இருக்குங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“மோசம்ங்க” என்றேன். “முன்னாடி கேட் வரைக்கும் தனியா போனீங்க. இப்ப என்னைப் பிடிச்சாலும் கஷ்டமா இருக்கு. டாக்டருக்கும் திருப்தி இல்லை. நான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு அழுதேன். அவர் அழவில்லை. ரொம்ப நாளாகத் தனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை இன்னொருத்தரும் பார்த்துவிட்ட மாதிரி, மெதுவாகத் தலையாட்டினார்.

“எனக்கும் அப்படித்தான் தோணுச்சு” என்றார். “கிட்ட வா.”

குனிந்தேன். இடது கையை நீட்டி, என் சங்கிலியில் தொங்கிய ஒயரை ஊக்கிலிருந்து பிய்த்து எடுத்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, முனையை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். ஒட்டியது.

“சார்ஜ் போட்டாச்சு” என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரம் மேலே ஏறி நின்றது, விளக்கு வரவில்லை. என் கை தானாகப் போகப் பார்த்தது. அதை இழுத்துக்கொண்டேன்.

“கோணலா இருக்குங்க.”

“அப்படியா?” என்றார். குனிந்து பார்த்து, கழற்றி, அவரே நேராக ஒட்டினார்.